தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

பூட்டு வேலைக்குப் போனால்
கதவுக்கு முன்னால் நான் பார்ப்பது
தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதை.
மாட்டுக் கொட்டகைக்கு வெளியே.
குளியலறைக்கு உள்ளே.
முப்பத்தெட்டு வருடத் தொழிலில்
இதற்கு மேல் தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை.

பிப்ரவரியில் போலீஸ் கூப்பிட்டது.
கியூபெக்கின் கடைசி உருளைக்கிழங்கு வயல்களையும் தாண்டி
பனி இடுப்பளவு கிடந்த பண்ணை.
'விடியல் குடும்பம்' என்று பலகை.
குடும்பத்தின் தந்தையை விலங்கிட்டு
முன்பே கொண்டுபோயிருந்தார்கள்.
பதினொரு அறைகள்.
பதினொன்றிலும் தாழ்ப்பாள் வெளியே.
நல்ல பித்தளை. திருகாணிகளின் பள்ளமெல்லாம்
ஒரே திசை பார்த்து நின்றன.
அப்படி முடுக்குகிறவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்,
என் அண்ணன் தொநா.
ஏழாவது அறையைத் திறந்தபோது
உள்ளே உட்கார்ந்திருந்தான்.

இப்போது என் வீட்டில் இருக்கிறான்.
குளிர்பெட்டியின் கைப்பிடியில் கை வைத்து
நிற்பான், நான் திரும்பிப் பார்க்கும்வரை.
'திற' என்று சொல்லக் கூடாதாம், மருத்துவர் சொன்னார்.
சொல்லாமல் இருப்பது
எவ்வளவு கஷ்டம் தெரியுமா?
பால் வேண்டும் அவனுக்கு. வெறும் பால்.

பக்கத்து வீட்டு ஃபெர்நாந்துக்குச் சந்தேகமே இல்லை:
'அது மதமா? கும்பல்!
மதம் என்றால் நம் கோவில்.'
அவள் கொண்டுவந்த கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால்
நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு வேலி உண்டு.
அம்மாவின் முதல் குழந்தை
தலையில் தண்ணீர் படுவதற்குள் இறந்துபோனது.
தண்ணீர் படாததற்கு உள்ளே இடமில்லை என்றார்
அந்தக் காலத்துப் பாதிரியார். விதி.
வேலிக்கு வெளியே, நெருஞ்சி மண்டிய பக்கம்
அப்பா மண்வெட்டியோடு தனியாகப் போனார்.
அதற்கடுத்த ஞாயிறும் அம்மா பூசைக்குப் போனாள்.
அதற்கடுத்த ஞாயிறும்.

1989இல் வேலியை நகர்த்தினார்கள்.
பதினான்கு அடி.
புதிய வாயிற்கதவுக்குப் பூட்டு போட்டவள் நான்.
மன்னிப்பு என்று ஒரு சொல் எவர் வாயிலும் வரவில்லை.
எனக்கு ரசீது வந்தது.
அம்மா அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டாள்.

'தொடக்கத்தில் இவர்களும் பன்னிரண்டு பேர்தானே,'
என்றான் தொநா ஒரு ராத்திரி, பாத்திரம் துடைத்தபடி.
'எங்களைவிடக் குறைச்சல்.'
பதில் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள்.
என்னிடம் இருந்தது இன்னொரு ஈரத் தட்டு.
கொடுத்தேன்.

ஞாயிறு, பூசைக்கு வருகிறேன் என்றான்.
இருநூறு பேர் கொள்ளும் கோவிலில் பதினேழு பேர்.
கோட்டைக் கழற்ற முடியாத குளிர்.
கேமரூனிலிருந்து வந்த பாதர் அம்ப்ருவாஸ்
பொறுமையைப் பற்றிப் பேசினார், நீளமாக.
முன்வரிசையில் கிழவர் அத்ஜுத்தோர்
குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தொநா என் காதருகில்:
'அவரை என்ன செய்வார்கள்?'
'யாரை?'
'தூங்குகிறாரே.'
'முடிந்ததும் எழுப்புவார்கள்.'
'அவ்வளவுதானா?'
'சில சமயம் மறந்துவிடுவார்கள்.'

என்னையே பார்த்தான்.
பிறகு, பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே
எழுந்தான்.
நடுவழியில் நடந்தான், அவன் பூட்ஸ் சத்தம்
எனக்கே பெரிதாகக் கேட்டது.
கதவருகில் நின்றான்.
கைப்பிடியில் கை.
நின்றுகொண்டே இருந்தான்.

நான் திரும்பவில்லை.
பாடற்புத்தகத்தில் ஒரே வரியை
எத்தனை தடவை படித்தேனோ.
பாதர் நிறுத்தவில்லை.
ஃபெர்நாந்த் மூக்கைச் சிந்தினாள்.
பிறகு கீல் கிறீச்சிட்டது.
எண்ணெய் போடுகிறேன் போடுகிறேன் என்று
மூன்று குளிர்காலமாக நான் சொல்லிவரும் கீல்.
கணுக்காலில் வந்து மோதியது பனிக்காற்று.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கிறீச். உள்ளே வந்தான்.
மறுபடி கிறீச். வெளியே.
உள்ளே.
வெளியே.
'அந்தக் கதவை யாராவது...' என்று முணுமுணுத்தாள் ஃபெர்நாந்த்.
அத்ஜுத்தோர் குறட்டையை ஒரு கணம் நிறுத்தி,
புரண்டு,
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.